மாற்று உள்ளீட்டுக் கருவிகளுக்கான நிரலாக்க ஆதரவு

விசைப்பலகையையும் சுட்டியையும் வழக்கமான முறையில் கையாள இயலாதவர்கள் அவற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் கருவிகள் மாற்று உள்ளீட்டுக் கருவிகள் எனப்படும். ஒற்றைச் சுவிட்ச், உறிஞ்சி ஊதும் குழல், தலையசைவுச் சுட்டி, கண் நோக்குக் கருவி, குரல் கட்டளை, கால் மிதி ஆகியவை இவற்றுள் சில. இக்கருவிகள் பயன்தர வேண்டுமானால் கருவியை வாங்கிப் பொருத்துவது மட்டும் போதாது. அதன் சைகையை இயங்குதளம் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சைகையை ஏற்கும் வகையில் செயலியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளிலும் நிரலாளர் செய்யும் வேலையே மாற்று உள்ளீட்டுக் கருவிகளுக்கான நிரலாக்க ஆதரவு ஆகும். இது கணினி அணுகல்தன்மை என்னும் துறையின் ஒரு பகுதியாகும்.

தேவை

தண்டுவடக் காயம், மூளை முடக்குவாதம், இயக்க நரம்பணு நோய், தசைச் சிதைவு நோய், பார்க்கின்சன் நோயால் வரும் கை நடுக்கம், கை இழப்பு போன்ற பல காரணங்களால் ஒருவருக்கு விரல்களைத் துல்லியமாக இயக்க முடியாமல் போகலாம். கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவருக்கும் சில வாரங்களுக்கு இதே நிலைதான். இவர்களில் பலருக்குத் தலையை அசைப்பது, கன்னத் தசையைச் சுருக்குவது, கண்ணைத் திருப்புவது, மூச்சை ஊதுவது என ஏதேனும் ஒரு அசைவாவது தம் கட்டுப்பாட்டில் இருக்கும். அந்த ஓர் அசைவைக் கணினி ஏற்கும் கட்டளையாக மாற்றிவிட்டால் அவர்கள் எழுதலாம், படிக்கலாம், தேர்வு எழுதலாம், வேலை செய்யலாம், பேச இயலாதவர் கணினியின் குரலில் பேசவும் செய்யலாம்.

இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அவருடைய இறுதி ஆண்டுகளில் மூக்குக் கண்ணாடியில் பொருத்தப்பட்ட அகச்சிவப்பு உணரி அவருடைய கன்னத் தசையின் அசைவைக் கண்டறிந்தது. அந்த ஒரே அசைவைக் கொண்டு அவர் எழுதினார், உரையாற்றினார், இணையத்தைப் பயன்படுத்தினார். அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய ஏகேட் என்னும் மென்பொருள் 2015இல் திறமூலமாக வெளியிடப்பட்டது.

கருவிகளின் வகைகள்

நிரலாளரின் பார்வையில் இக்கருவிகளை அவை தரும் சைகையைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு நிலைகளை மட்டும் தருபவை. அழுத்தும் சுவிட்ச், கால் மிதி, கண் சிமிட்டலை உணரும் கருவி, உறிஞ்சி ஊதும் குழல் ஆகியவை இவ்வகையின. குழலில் ஊதுவது ஒரு சுவிட்சாகவும் உறிஞ்சுவது மற்றொரு சுவிட்சாகவும் கொள்ளப்படும்.

இரண்டாம் வகை, திரையில் ஓர் இடத்தைச் சுட்டுபவை. உருளைப் பந்துச் சுட்டி, தாடையால் இயக்கும் பிடி, தலையசைவுச் சுட்டி, கண் நோக்குக் கருவி ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் சுட்டுவது எளிது, சொடுக்குவதுதான் கடினம்.

மூன்றாம் வகை, எழுத்தையோ சொல்லையோ நேரடியாகத் தருபவை. குரல் கட்டளை, ஒரு கை விசைப்பலகை, ஆறு விசைகளைச் சேர்த்து அழுத்தும் பிரெயில் விசைப்பலகை, மோர்சு குறியீட்டு உள்ளீடு போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. கூகுளின் ஜிபோர்டு செயலியில் மோர்சு உள்ளீடு 2018இல் சேர்க்கப்பட்டது.

கருவியின் சைகை கணினியை அடையும் வழி

விண்டோஸ் 95 காலத்தில் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் தொடர் துறை வழியாக இணைக்கப்பட்டன. அந்தத் துறையில் வரும் குறியீடுகளை விசை அழுத்தங்களாகவும் சுட்டி அசைவுகளாகவும் மாற்றித் தரும் சீரியல்கீஸ் என்னும் வசதி விண்டோஸ் 95இல் இருந்தது. யூஎஸ்பி பரவிய பிறகு நிலைமை எளிதாயிற்று. யூஎஸ்பியில் மனித இடைமுகக் கருவிகளுக்கென ஒரு பொது வகுப்பு வரையறுக்கப்பட்டுள்ளது. இணைத்தவுடன் கருவி ஒரு விவரக் குறிப்பை அனுப்பித் தன்னை விசைப்பலகை என்றோ சுட்டி என்றோ விளையாட்டுக் கட்டுப்படுத்தி என்றோ அறிமுகம் செய்துகொள்கிறது. கருவி சுவிட்சாகவே இருந்தாலும் தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டால், தனி இயக்கி மென்பொருள் எதுவும் இல்லாமலே எல்லா இயங்குதளங்களும் அதை ஏற்றுக்கொள்ளும். இன்று விற்கப்படும் சுவிட்ச் இணைப்பிகளில் பல இப்படித்தான் இயங்குகின்றன. சுவிட்சை அழுத்தினால் கணினிக்கு இடைவெளி விசையோ நுழை விசையோ அழுத்தப்பட்டதாகத் தெரியும்.

விசைப்பலகை வகைக் கருவி எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை இயங்குதளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட விசைப்பலகை அமைப்பு முடிவு செய்கிறது. ஆங்கில அமைப்பில் எச் என வரும் அதே விசை, தமிழ்99 அமைப்பில் க என வரும். ஆகவே ஆங்கிலத்திற்கெனச் செய்யப்பட்ட கருவியும் தமிழுக்குப் பயன்படும்.

சுவிட்சுகளை இணைக்க 3.5 மில்லிமீட்டர் செருகியே பொது வழக்கமாக உள்ளது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் தகவமைப்புக் கட்டுப்படுத்தியில் இத்தகைய 19 துளைகள் உள்ளன. குறைந்த செலவில் தாமே செய்துகொள்ள விரும்புவோர் ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற சிறு பலகைகளைப் பயன்படுத்துகின்றனர். இப்பலகை கணினியிடம் தன்னை விசைப்பலகையாகக் காட்டிக்கொள்ளக் கூடியது என்பதால், ஒரு சுவிட்சும் சில வரி நிரலும் இருந்தால் வேலை செய்யும் கருவி உருவாகிவிடும்.

இயங்குதளத்தின் பங்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேஸ் மையம் 1980களில் உருவாக்கிய சில வசதிகள் பின்னர் பெரும்பாலான இயங்குதளங்களிலும் இடம்பெற்றன. அவற்றுள் முக்கியமானவை:

ஒட்டு விசைகள்: இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவதற்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். விண்டோஸில் ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் இது தொடங்கும்.

வடிகட்டு விசைகள்: மிகக் குறுகிய தட்டல்களையும் நடுக்கத்தால் வரும் மீள்தட்டல்களையும் புறக்கணிக்கும்.

சுட்டி விசைகள்: எண் விசைகளைக் கொண்டு சுட்டியை நகர்த்தலாம்.

இவற்றுக்கு அடுத்த நிலையில் வருவது அணுகல் இடைமுகம். ஒரு செயலியின் சாளரத்தில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, ஒவ்வொன்றின் பெயர் என்ன, அது பொத்தானா பட்டியலா, அதன் மேல் என்ன செயலைச் செய்யலாம் என்பவற்றை இந்த இடைமுகம் ஒரு மரவடிவில் பிற மென்பொருள்களுக்குத் தருகிறது. விண்டோஸில் 1997இல் வந்த ஆக்டிவ் அக்சஸிபிலிட்டியும், விஸ்டா காலத்தில் வந்த யூஐ ஆட்டோமேஷனும், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐயும், ஆண்ட்ராய்டில் அக்சஸிபிலிட்டி சர்வீசும் இப்பணியைச் செய்கின்றன. திரைபடிப்பான்கள் நம்பியிருக்கும் அதே மரத்தைத்தான் சுவிட்ச் மென்பொருளும் குரல் கட்டளை மென்பொருளும் நம்பியுள்ளன. ஆகையால் பார்வையற்றோருக்காகப் பொத்தானுக்குச் சரியான பெயரிடும் நிரலாளர், கையை அசைக்க இயலாதவருக்கும் சேர்த்தே உதவுகிறார்.

கைப்பேசிகளில் ஐஓஎஸ் 7 உடன் 2013இல் சுவிட்ச் கட்டுப்பாடு வந்தது. ஆண்ட்ராய்டில் சுவிட்ச் அணுகல் வசதி உள்ளது; முகக் குறிப்புகளையே சுவிட்சாகக் கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 12 உடன் வந்தது.

வருடல் முறை

ஒரே ஒரு சுவிட்சைக் கொண்டு முழுக் கணினியையும் இயக்க உதவுவது வருடல் முறை. திரையில் உள்ள உறுப்புகளை மென்பொருள் ஒவ்வொன்றாக ஒளிரச் செய்துகொண்டே போகும். வேண்டிய உறுப்பு ஒளிரும்போது பயனர் சுவிட்சை அழுத்த வேண்டும். இரண்டு சுவிட்சுகள் உள்ளவருக்கு ஒன்றை நகர்த்தவும் மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கவும் வைத்துக்கொள்ளலாம். அழுத்திப் பிடித்திருக்கும்வரை வருடல் நகர்ந்து, விடும்போது தேர்வு நிகழும் மாற்று முறையும் உண்டு.

இம்முறையின் விலை நேரம். 36 கட்டங்களை ஒவ்வொன்றாக வருடினால் ஓர் எழுத்தை அடையச் சராசரியாக 18.5 படிகள் ஆகும். அவற்றையே ஆறு வரிசை, ஆறு நிரல் என அடுக்கி, முதலில் வரிசையையும் பிறகு நிரலையும் தேர்ந்தெடுக்கச் செய்தால் சராசரி 3.5 + 3.5 = 7 படிகளாகக் குறையும். அதிகம் பயன்படும் எழுத்துகளைத் தொடக்கத்தில் வைத்தால் இன்னும் குறையும். சொல் ஊகிப்பு இருந்தால் பல எழுத்துகளை எழுதவே வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மக்கேயும் டேவிட் வார்டும் உருவாக்கிய டாஷர் என்னும் மென்பொருள் வேறொரு வழியைக் கையாண்டது. அதில் அடுத்து வரக்கூடிய எழுத்துகள் அவற்றின் நிகழ்தகவுக்கு ஏற்பப் பெரியதும் சிறியதுமான பெட்டிகளாகத் திரையில் விரியும். பயனர் வேண்டிய பெட்டியை நோக்கிச் சுட்டியைச் செலுத்தினால் போதும். கண் நோக்காலும் இதை இயக்கலாம்.

வருடல் மென்பொருள் எழுதுபவர் சில நேர அளவுகளைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி விட வேண்டும். ஒவ்வொரு படிக்குமான நேரம், வரிசையின் முதல் உறுப்பில் கூடுதலாகக் காத்திருக்கும் நேரம், சுவிட்சை எவ்வளவு நேரம் அழுத்தினால் ஏற்பது, ஓர் அழுத்தத்திற்குப் பின் எவ்வளவு நேரம் அடுத்ததைப் புறக்கணிப்பது, எத்தனை சுற்றுக்குப் பின் வருடலை நிறுத்துவது ஆகியவை அவை. காலையில் ஒரு வேகத்தில் இயங்குபவர் களைப்படைந்த மாலையில் அதே வேகத்தில் இயங்க முடியாது. எனவே இந்த அளவுகளை நிரலுக்குள் மாறிலியாகப் பதித்துவிடுவது பெரும் பிழையாகும்.

அணுகல் மரத்தில் உறுப்புகளைக் காட்டாத செயலிகளும் உள்ளன. அவற்றில் உறுப்பு வருடல் இயலாது. அப்போது திரையில் கிடைக்கோடு ஒன்றும் செங்குத்துக்கோடு ஒன்றும் நகர்ந்து, இரண்டும் வெட்டும் புள்ளியில் தொடுகையை நிகழ்த்தும் புள்ளி வருடல் பயன்படுகிறது. இது எந்தச் செயலியிலும் வேலை செய்யும்; ஆனால் மெதுவானது, களைப்பூட்டுவது.

கண் நோக்கு உள்ளீடு

கண் நோக்குக் கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் செலுத்தி, கருவிழியில் அது எதிரொளிக்கும் இடத்தையும் கண்மணியின் நடுவையும் ஒப்பிட்டுப் பார்வை விழும் இடத்தைக் கணிக்கிறது. இதில் நிரலாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டு.

முதலாவது, கண் பார்ப்பதற்கான உறுப்பு. பார்த்ததையெல்லாம் சொடுக்கியதாகக் கொண்டால் எதையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்கக் கதை மன்னன் மைடாஸின் பெயரால் இது மைடாஸ் தொடுகைச் சிக்கல் எனப்படுகிறது. ஓர் இடத்தில் பார்வை குறிப்பிட்ட நேரம் நிலைத்தால் மட்டுமே சொடுக்கு எனக் கொள்வது ஒரு தீர்வு. பார்வையால் சுட்டி, சுவிட்சால் சொடுக்குவது மற்றொரு தீர்வு.

இரண்டாவது, துல்லியம். பார்வைக் கோணத்தில் ஒரு பாகை பிழை இருந்தால், 60 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள திரையில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகலாகும். சாளரத்தை மூடும் சிறிய பெருக்கல் குறி அந்த அளவுக்குள் அடங்கிவிடும். எனவே பொத்தான்களைப் பெரிதாக்குவது, சொடுக்கும் முன் அந்தப் பகுதியை உருப்பெருக்கிக் காட்டுவது, அடுத்தடுத்த அளவீடுகளின் சராசரியை எடுத்து நடுக்கத்தைக் குறைப்பது ஆகிய உத்திகள் கையாளப்படுகின்றன.

தமிழ் உள்ளீடு

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. அவை அனைத்தையும் 16 வரிசை, 16 நிரல் கொண்ட கட்டத்தில் வைத்து வருடினால் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 17 படிகள் ஆகும். இதைவிடத் தமிழ்99 அமைப்பின் வழி சிறந்தது. 12 உயிர், 18 மெய்க்குரிய அகர உயிர்மெய், ஆய்தம், புள்ளி, ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை சேர்ந்து 36 கட்டங்களே ஆகும். இவை ஆறுக்கு ஆறு கட்டத்தில் சரியாக அமைகின்றன. அகர உயிர்மெய்க்குச் சராசரி 7 படிகள்; ஏனைய உயிர்மெய்க்கு இரண்டு தேர்வுகள், அதாவது 14 படிகள். இடைவெளி, அழித்தல் போன்றவற்றுக்கு ஒரு தனி வரிசை வேண்டும்.

தமிழ்99இன் தானியங்கிப் புள்ளி விதி இங்கு பெரிதும் பயன்படுகிறது. க, க என இருமுறை இட்டால் க்க எனவும், ங, க என இட்டால் ங்க எனவும் அமைப்பே மாற்றிக்கொள்ளும். விசைப்பலகையில் விரைவாகத் தட்டெழுதுபவருக்கு இது ஒரு தட்டலை மிச்சப்படுத்துகிறது. சுவிட்சால் எழுதுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஏழு படிகளை மிச்சப்படுத்துகிறது. ஒரு படிக்கு ஒரு விநாடி என்றாலும், பத்துச் சொற்கள் கொண்ட வாக்கியத்தில் இந்த வேறுபாடு நிமிடக் கணக்கில் வரக்கூடும்.

ஒருங்குறியில் கவனிக்க வேண்டிய நுட்பமும் உண்டு. கொ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீட்டெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சொல் ஊகிப்பு அகராதி இவற்றை முன்கூட்டியே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், அகராதியில் உள்ள சொல்லே கிடைக்காமல் போகும்; பயனர் முழுச் சொல்லையும் எழுத்தெழுத்தாக எழுத வேண்டிவரும்.

செயலி எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான நிரலாளர்கள் மாற்றுக் கருவிகளுக்கெனத் தனி நிரல் எழுத வேண்டியதில்லை. கருவிகள் பெரும்பாலும் விசைப்பலகையாகவோ சுட்டியாகவோ வருவதாலும், அணுகல் மரத்தை நம்பியிருப்பதாலும், அடிப்படைகளைச் சரியாகச் செய்தாலே போதும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் இவற்றைத் தொகுத்துத் தருகின்றன. 2018இல் வந்த 2.1 பதிப்பும் 2023இல் வந்த 2.2 பதிப்பும் உள்ளீட்டுக் கருவிகள் பற்றிய விதிகளைக் கூடுதலாகச் சேர்த்தன.

1. எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும். வலைப்பக்கத்தில் வெறும் பெட்டியை வரைந்து அதைப் பொத்தான்போல் அலங்கரிப்பதைவிட, எச்டிஎம்எல் தரும் இயல்பான பொத்தானைப் பயன்படுத்துவதே நல்லது. அதற்குக் குவியம், நுழை விசை, பெயர், வகை எல்லாம் தாமாகவே கிடைத்துவிடும்.

2. இப்போது எந்த உறுப்பில் குவியம் உள்ளது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அழகுக்காகக் குவியக் கோட்டை நீக்குவது, இருட்டில் நடக்க விடுவதற்கு ஒப்பாகும். ஓர் உறுப்பினுள் சென்ற குவியம் வெளியே வர முடியாமல் சிக்கவும் கூடாது.

3. இழுத்து விடுவது, இரு விரல்களால் விரிப்பது, கைப்பேசியைக் குலுக்குவது ஆகியவற்றால் மட்டுமே செய்யத்தக்க செயல் எதுவும் இருக்கக் கூடாது. அதையே ஒற்றைத் தொடுகையால் செய்யவும் வழி வேண்டும்.

4. சொடுக்கின் விளைவு அழுத்தும்போது நிகழாமல் விடும்போது நிகழ வேண்டும். கை நடுங்கித் தவறான இடத்தில் அழுத்தியவர், விரலை நகர்த்தி அதைக் கைவிட முடியும்.

5. தொடும் இலக்குகள் குறைந்தது 24 × 24 சிஎஸ்எஸ் படப்புள்ளி அளவாவது இருக்க வேண்டும். சிறியதாயின் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும்.

6. ஒரே எழுத்தைக் குறுக்குவழியாக வைத்தால் அதை அணைக்கவோ மாற்றவோ வழி வேண்டும். குரலால் உள்ளிடுபவர் ஒரு சொல்லைச் சொல்லும்போது அதன் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாகி, மின்னஞ்சல்கள் அழிந்துபோகக்கூடும்.

7. பொத்தானில் கண்ணுக்குத் தெரியும் சொல், அதன் உள்பெயரிலும் இருக்க வேண்டும். திரையில் அனுப்பு என்று இருக்க உள்பெயர் வேறாக இருந்தால், அனுப்பு என்று எத்தனை முறை சொன்னாலும் எதுவும் நடக்காது.

நேர வரம்பு

மேற்கண்டவற்றுள் அடங்காத, நடைமுறையில் மிகுந்த தொல்லை தருவது நேர வரம்பு. வங்கி, பயணச்சீட்டு முன்பதிவு, தேர்வு விண்ணப்பம் போன்ற தளங்கள் சில நிமிடங்கள் செயலின்றி இருந்தால் பயனரை வெளியேற்றிவிடுகின்றன. ஒரு பக்கத்தில் படிவத்திற்கு முன்னால் 60 இணைப்புகள் இருந்து, ஒரு படிக்கு 1.5 விநாடி வீதம் ஒவ்வொன்றாக வருடினால், படிவத்தை அடையவே 90 விநாடிகள் ஆகும். பின்னர் பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லை, எழுத்துக்கு 7 படிகள் வீதம் இடுவதற்கு 126 விநாடிகள். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் அழித்து மீண்டும் எழுத வேண்டும். மூன்று நிமிடத்தில் காலாவதியாகும் படிவத்தை இவரால் ஒருபோதும் முடிக்க முடியாது.

தீர்வு கடினமானதல்ல. பக்கத்தின் தொடக்கத்தில் முதன்மை உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்பு ஒன்றை வைத்தால் 60 படிகள் ஒன்றாகிவிடும். நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரே விசையால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி அவகாசம் தர வேண்டும் என வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்காமல் இருப்பதும், காலாவதியானாலும் நிரப்பியவற்றைச் சேமித்து வைப்பதும் பேருதவியாகும்.

பாதுகாப்பும் அணுகலும்

ஒரு மென்பொருள் பயனருக்காகப் பிற செயலிகளின் பொத்தான்களை அழுத்த முடிவதுதான் மாற்று உள்ளீட்டின் அடிப்படை. இதே திறனைத் தீங்குநிரல்களும் நாடுகின்றன. ஆண்ட்ராய்டில் அணுகல் சேவை அனுமதியைப் பெற்று வங்கிச் செயலிகளைத் தாமே இயக்கும் தீங்குநிரல்கள் பல கண்டறியப்பட்டுள்ளன.

எனவே இயங்குதளங்கள் கட்டுப்பாடுகளை விதித்துள்ளன. விண்டோஸ் விஸ்டா முதல், குறைந்த உரிமையுள்ள மென்பொருள் அதிக உரிமையுள்ள சாளரத்துக்கு உள்ளீட்டை அனுப்ப முடியாது. அணுகல் மென்பொருளுக்கு விலக்கு உண்டு. அதற்கு அது எண்முறைக் கையொப்பம் இடப்பட்டு, பாதுகாப்பான கோப்புறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்11 சாளர அமைப்பில் எந்த மென்பொருளும் உள்ளீட்டைப் போலியாக அனுப்பலாம். அதன் இடத்துக்கு வரும் வேலாந்து இதை இயல்பாக அனுமதிப்பதில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல், கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலிகளுக்கு இந்த அனுமதியை வழங்குவது கடினமாக்கப்பட்டது.

பாதுகாப்பை இறுக்கும் ஒவ்வொரு முறையும், நேர்மையான அணுகல் கருவிக்கு ஒரு முறையான வழியையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டியுள்ளது. சில செயலிகள், எந்த அணுகல் சேவை இயக்கத்தில் இருந்தாலும் தாம் திறக்க மறுக்கும்படி எழுதப்படுகின்றன. அப்போது வெளியே தள்ளப்படுபவர் திருடர் மட்டுமல்லர். சுவிட்சை நம்பியிருக்கும் வாடிக்கையாளரும்தான்.

சட்டநிலை

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 என்னும் தரநிலை இதற்கான தொழில்நுட்பத் தேவைகளை வரையறுக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, எண்முறை அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்வது போன்ற தடைகள் குறித்த வழக்கில், எண்முறை அணுகல் அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது.

சோதிக்கும் முறை

விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே மாணவரும் தம் நிரலைச் சோதிக்கலாம். முதலில் சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, தத்தல் விசை, அம்பு விசைகள், நுழை விசை ஆகியவற்றால் மட்டும் ஒரு முழுப் பணியைச் செய்து பார்க்க வேண்டும். அடுத்து, கைப்பேசியில் சுவிட்ச் அணுகலை இயக்கி, ஒலியளவுப் பொத்தானையே சுவிட்சாக வைத்துத் தம் செயலியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். எத்தனை படிகள், எவ்வளவு நேரம் என்பதைக் குறித்துக்கொண்டால் எங்கே தடை உள்ளது என்பது தெரிந்துவிடும். இவற்றுக்குப் பின்னர், அக்கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் செயலியைக் கொடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது. ஒரு மணி நேரம் சுவிட்சைப் பயன்படுத்திப் பார்ப்பவர் காணாத பிழைகளை, அதனாலேயே வாழ்பவர் முதல் சில நிமிடங்களிலேயே சுட்டிக்காட்டக் கூடும்.